கைரோபிராக்டரிடம் முதல் நாள்: போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

3 ஜூன் 2024 | கேள்வி, டோம்பிவிலி வாசகர்

வயது 29. ஐரோலியில் நாள் முழுவதும் கணினி முன்னால் உட்காரும் வேலை. மும்பைப் புறநகரான டோம்பிவிலியிலிருந்து ரயிலில் தாணே, அங்கே வண்டி மாறி ஐரோலி. பெரும்பாலும் நின்றபடியேதான் பயணம். இரண்டு மாதமாகக் கீழ்முதுகு வலிக்கிறது. முதுகையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சிகிச்சை செய்யும் ஒரு கைரோபிராக்டரின் முகவரியை அலுவலக நண்பர் கொடுத்தார். 15ஆம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். கைபேசியில் சில காணொளிகள் பார்த்தேன். கழுத்தில் ஒரு பட்டையை மாட்டி இழுக்கிறார்கள், படீரென்று சத்தம் வருகிறது, படுத்திருந்தவர் அழுதுகொண்டே சிரிக்கிறார். விலகிய எலும்பை ஒரே நாளில் இடத்தில் வைத்துவிடுவார்கள் என்பது உண்மையா? வலிக்குமா? என்ன எடுத்துப்போக வேண்டும்?

4 ஜூன் 2024, காலை | செம்பூர்

தம்பி, நான் இரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறேன். ஒன்றிலிருந்து பாதியில் எழுந்து வந்தேன், இன்னொன்றில் குணம் கண்டேன். அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

24 வருடமாக ஹார்பர் லைன் ரயிலில் கோட்டைப் பகுதியில் உள்ள வங்கிக்குப் போய்வருகிறேன். 2022 டிசம்பரில் அரிசி மூட்டையை நகர்த்தக் குனிந்தவள் நிமிர முடியவில்லை. மாமியார் உடனே, கால் முதலில் வெளிவந்து பிறந்தவர் யாராவது நம் கட்டடத்தில் இருக்கிறார்களா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அப்படிப் பிறந்தவர் இடுப்பில் மூன்று முறை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது அவருடைய ஊர் நம்பிக்கை. மூன்றாம் மாடியில் ஒருவர் கிடைத்தும்விட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டேன்.

முதலில் போன இடத்தில் உட்காரக்கூட விடவில்லை. பெயர், வயது, எங்கே வலி, அவ்வளவுதான் கேள்வி. மேசையில் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டார்கள். முதுகில் கை வைப்பதற்கு முன், "எனக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். சுவரில் இருந்த படத்தைக் காட்டி, முதுகெலும்பு வரிசை தப்பியிருக்கிறது, 24 அமர்வு வேண்டும், இன்றே மொத்தமாகக் கட்டினால் 36,000 ரூபாய், தனித்தனியாக என்றால் அதிகம் என்றார்கள். என் முதுகைப் பார்க்காமலே 24 என்ற எண் எங்கிருந்து வந்தது? செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் இடத்தைப் பற்றி மாலையில் எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள், நேரம் மிச்சமாகும்.

4 ஜூன் 2024, இரவு

இரண்டாம் இடம். முதல் அரைமணி நேரத்துக்கு மேல் வெறும் பேச்சுதான். நான்கு பக்கப் படிவம். எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது, எந்த நேரத்தில் கூடுகிறது, இருமினால் தெறிக்கிறதா, காலுக்கு இறங்குகிறதா, இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா? விழுந்திருக்கிறீர்களா, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, சர்க்கரை, இரத்த அழுத்தம், என்னென்ன மாத்திரை? இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை வாய்விட்டு இரண்டு முறை கேட்டார். புற்றுநோய் எப்போதாவது வந்ததா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, காய்ச்சல் இருக்கிறதா என்றும் கேட்டார். எலும்பு மெலிந்திருக்கிறதா என்பது தனிக்கேள்வி. ஐம்பதை நெருங்கும் பெண் என்பதால் அதில் நிறைய நேரம் நின்றார்.

சிறுநீர், மலம் அடக்குவதில் ஏதாவது மாற்றம் உண்டா, தொடைகளுக்கு நடுவே, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா என்றும் கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏன் கேட்டார் என்று பின்னால் புரிந்தது. முதுகெலும்பின் அடியில் குதிரைவால்போல் பிரியும் நரம்புக்கற்றை நசுங்கினால் வரும் அறிகுறிகள் அவை. அப்படி இருந்தால் அன்றே மருத்துவமனை. வேறு யாரும் கை வைக்கக்கூடாது.

பிறகு பரிசோதனை. நிற்கவைத்து முன்னும் பின்னும் பார்த்தார். குனிய, பின்னால் சாய, பக்கவாட்டில் வளையச் சொன்னார். முட்டியிலும் குதிகாலுக்கு மேலும் சிறிய சுத்தியலால் தட்டினார். குதிகாலால் நான்கு அடி, முன்பாதத்தால் நான்கு அடி நடை. கால் பெருவிரலைத் தூக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தினார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே உயர்த்தினார். 30 பாகைக்கும் 70 பாகைக்கும் நடுவே முழங்காலுக்குக் கீழே வலி பாய்ந்தால், முதுகெலும்பிலிருந்து நரம்பு கிளம்பும் இடமான நரம்பு வேர் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்றார். எனக்குப் பாயவில்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் மேசை. முகம் வைக்கும் இடத்தில் பிளவு இருக்கும், காகிதம் விரித்திருப்பார்கள். என்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, என்ன செய்யப்போகிறார் என்று சொல்லி, சரியா என்று கேட்டு, மூச்சை விடச் சொல்லி ஒரு சிறிய, வேகமான அழுத்தம். சத்தம் வந்தது, எலும்பு இடத்தில் உட்கார்ந்தது, எழுந்து நின்றபோது பாதி வலி இல்லை. குத்தியதுபோல் வலிக்கவில்லை, தம்பி. மறுநாள்தான் உடம்பை அடித்துப்போட்டதுபோல் இருந்தது. அது பலருக்கும் வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும்.

6 ஜூன் 2024

தளர்வான உடை போட்டுக்கொண்டு போங்கள் என்று சொல்ல மறந்தேன். பெண்கள் யாராவது படிப்பதாக இருந்தால்: புடவை வேண்டாம், சல்வார் அல்லது பேன்ட் நல்லது. பரிசோதனையின்போது அறையில் ஒரு பெண் இருக்கவேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். தயங்க வேண்டாம். "அதெல்லாம் வழக்கமில்லை" என்று பதில் வந்தால் அந்த இடமே வேண்டாம். கணவரையோ மகளையோ உள்ளே உட்காரவைக்க மறுத்தாலும் அப்படித்தான்.

7 ஜூன் 2024

என் முதல் குறிப்பில் தவறான யோசனை சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன் அல்லவா, அந்த யோசனையை விட்டுவிடுங்கள். மாட்டுங்காவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என் தங்கை படித்துவிட்டுத் தொலைபேசியில் கடிந்துகொண்டாள். சாதாரண இடுப்பு வலிக்கு, ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதபோது, எக்ஸ்ரே பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வும் நரம்பும் அதில் தெரியவே தெரியாது. விழுந்து அடிபட்டிருந்தால், எலும்பு மெலிந்திருந்தால், புற்றுநோய் வந்து போயிருந்தால் அது வேறு. ஏற்கெனவே எடுத்த படமோ அறிக்கையோ இருந்தால் எடுத்துப்போங்கள். புதிதாக எடுக்க வேண்டாம். வருபவர் எல்லோருக்கும் முதல் நாளே எக்ஸ்ரே எழுதும் இடமாக இருந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

8 ஜூன் 2024

தங்கை இன்னொன்றும் சொன்னாள். அதை ஏற்க எனக்கு இரண்டு நாள் ஆனது. "எலும்பு இடத்தில் உட்கார்ந்தது" என்று எழுதியிருந்தேன். உட்காரவில்லை, ஏனென்றால் அது விலகியிருக்கவே இல்லை. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் திடீரென்று வாயுக்குழி உண்டாவதால் வருவது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் நெட்டி முறிப்பதை எம்ஆர்ஐ படம் எடுத்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள்; மூட்டுப் பரப்புகள் பிரியும் நொடியில் கரிய குழி ஒன்று தோன்றுவது அதில் தெரிகிறது. நாம் விரலைச் சொடுக்கும்போது வருவதும் முதுகில் வருவதும் ஒரே வகைச் சத்தம்தான். சத்தம் வராவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை என்று பொருளில்லை, பெரிய சத்தம் வந்தால் பெரிய குணம் என்றும் இல்லை. இப்படிப்பட்ட காணொளிகள் பலவற்றில் ஒலிவாங்கியைப் பக்கத்தில் வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

நெட்டி முறித்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று அம்மா திட்டுவார். அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர் அவருடைய அம்மாவும் இப்படித்தான் சொன்னார் என்பதற்காகப் பல பத்தாண்டுகள் ஒரு கையில் மட்டும் விரல்களை முறித்து, மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை 2009இல் அவருக்குக் கொடுத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் முறிக்கக்கூடாது என்பதற்கு மட்டும் அவரிடமும் பதில் இல்லை.

9 ஜூன் 2024

கழுத்து. இதை எழுதத்தான் நேற்றிலிருந்து காத்திருந்தேன்.

என் கணவர் மாதம் ஒருமுறை முடிவெட்டிக்கொண்டபின் கழுத்தை இருபுறமும் திருகிக்கொண்டு வருவார். "தலை லேசானது" என்பார். நம் ஊர்களிலும் இங்கேயும் முடிதிருத்தும் கடைகளில் இது இலவச இணைப்பு. மூளைக்குப் போகும் நான்கு பெரிய இரத்தக்குழாய்களில் இரண்டு கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள்ளேயே ஏறிப் போகின்றன. திடீர் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் வந்துவிட்டால் நிரந்தரப் பாதிப்பாகிவிடக்கூடும். கிழிந்த குழாயே முதலில் கழுத்து வலியாகவும் தலைவலியாகவும் வெளிப்படுவது உண்டு. அதை வாயுப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டுதான் ஆள் திருகிக்கொள்ளப் போகிறார். அதனால் எது முதலில் வந்தது என்று பிரித்துச் சொல்வதும் கடினம்.

என் இரண்டாம் கைரோபிராக்டரிடம் கழுத்தில் திருகல் வேண்டாம் என்று படிவத்திலேயே எழுதிக்கொடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "இடுப்புக்கு வந்தீர்கள், கழுத்தை ஏன் தொடவேண்டும்?" என்றார். தம்பி, நீங்களும் எழுதிக்கொடுங்கள். காணொளியில் பார்த்த அந்தப் பட்டையை யாராவது எடுத்து வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழுத்தைத் தொட்டபின் இதுவரை வராத வகைத் தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் எது வந்தாலும் வீட்டில் படுத்துப் பார்க்கக்கூடாது. நேராக மருத்துவமனை.

கணவர் இந்தக் குறிப்பைப் படித்தார். இனி முடி மட்டும் வெட்டிக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.

11 ஜூன் 2024

யாரிடம் போகிறோம் என்பது பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். டி. டி. பால்மர் என்பவர் 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் தொடங்கியது இந்த முறை. கிரேக்கத்தில் கை, செயல் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர். ஏறக்குறைய எல்லா நோயும் முதுகெலும்பிலிருந்து என்று அவர் சொன்னதை இன்றும் சிலர் சொல்கிறார்கள். ஆஸ்துமா, சர்க்கரை, குழந்தையின் காதுவலி எல்லாம் முதுகைத் தட்டினால் போகும் என்பவரிடம் முதுகைக்கூடக் கொடுக்காதீர்கள்.

படிப்பு முக்கியம். உலக சுகாதார அமைப்பு 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நான்கு ஆண்டு முழுநேரப் படிப்பு, 4,200 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி என்கிறது. இந்தியாவில் மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் கைரோபிராக்டர்களுக்கென்று சட்டப்படியான பதிவு அமைப்பு கிடையாது. ஆகவே பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு நம் தலையில். "எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம்?" என்று கேட்டேன். முதல் இடத்தில் சுவரில் மாட்டியிருந்தது வார இறுதிப் பயிலரங்கச் சான்றிதழ். இரண்டாமவர் வெளிநாட்டில் படித்த கல்லூரியையும் ஆண்டையும் கேட்டவுடன் சொன்னார்.

வர்ம வைத்தியம் செய்யும் நம் வர்மாணிகளும், தொக்கணம் என்ற சித்த மருத்துவ உடல்பிடிப்பு செய்பவர்களும் இருக்க இது எதற்கு என்றும் கேட்டிருக்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: பெயர் எதுவாக இருந்தாலும் முதலில் கேட்டு, பிறகு பார்த்து, கடைசியில் தொடுபவரா? என் பாட்டியின் ஊரில் சுளுக்கு எடுக்கும் பெரியவர் வீங்கிய காலைக் கண்டதும், "இது சுளுக்கு இல்லை, முறிவு, புத்தூருக்குப் போ" என்று எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன அந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவார். அந்தக் கை எனக்குப் போதும்.

12 ஜூன் 2024

மாமியாரை எண்ணி இது. அவருக்கு இந்தி வராது. படிவத்தில் வலியின் தன்மை என்று ஒரு கட்டம் இருக்கும், 0 முதல் 10 வரை எண்ணும் போடச் சொல்வார்கள். நம்மிடம் வலிக்குத்தான் எத்தனை சொல்! குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிச்சல், சுருக் சுருக்கென்று தைப்பது, விண்விண்ணென்று தெறிப்பது, மரத்துப்போவது. இவற்றை எல்லாம் இந்தியில் "தர்த்" என்ற ஒரே சொல்லில் அடைத்துக் கொடுத்தால் கேட்பவருக்கு என்ன புரியும்? உள்ளே குடைவதும், மின்சாரம்போல் பாதம்வரை இறங்குவதும் வெவ்வேறு செய்திகள்.

முந்தின இரவே தமிழில் எழுதிக்கொண்டு, வீட்டில் மொழி தெரிந்தவரிடம் பெயர்க்கச் சொல்லுங்கள். எங்கே தொடங்கி எதுவரை போகிறது என்று ஒரு மனித உருவம் வரைந்து கோடு போட்டால் இன்னும் நல்லது. மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

16 ஜூன் 2024 | டோம்பிவிலி வாசகர்

போய்வந்தேன், அக்கா. 50 நிமிடம். நீங்கள் எழுதிய கேள்விகள் ஏறக்குறைய அத்தனையும் கேட்டார். ஆனால் முதுகில் கை வைக்கவே இல்லை. இடது கால் பெருவிரல் வலதைப்போல் எதிர்த்து நிற்கவில்லை. காலைத் தூக்கியபோது பாதம்வரை வலி பாய்ந்தது. முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு கடிதம் கொடுத்தார். கட்டணம் 1,500. சிகிச்சை இல்லாமலே பணம் போனதே என்று நண்பர் சொல்கிறார்.

16 ஜூன் 2024, இரவு

தம்பி, அந்த 1,500 போகவில்லை. உங்களுக்குக் கிடைத்ததுதான் நல்ல முதல் சந்திப்பு. என்னுடையதைவிட நல்லது. அன்று அவர் சத்தம் வரவைத்து அனுப்பியிருந்தால் நீங்கள் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள், பெருவிரலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பலம் குறைவது வலியைவிட முக்கியமான செய்தி. நாளைக்கே போங்கள். மாநகராட்சி மருத்துவமனை என்றால் கேஇஎம் அல்லது சயான். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள். பாதம் தரையில் இழுபட ஆரம்பித்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ சீட்டு வரிசை வேண்டாம், அவசரப் பிரிவு.

10 ஜூலை 2024

திங்கட்கிழமை மழையில் ரயில் நின்று, தண்ணீரில் நடந்து, குர்லா பக்கம் ஆட்டோவும் கிடைக்காமல் வீடு வந்தேன். இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த முறை யாரிடமும் போகவில்லை. வெந்நீர் ஒத்தடம், வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடை. மூன்றாம் நாளே பாதி குறைந்திருக்கிறது.

அதனால் ஒரு கணக்கு இடிக்கிறது. 2022இல் வந்த பிடிப்பு குணமானதற்கு முழுப் பெருமையையும் கைரோபிராக்டருக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று அமர்வு, ஐந்து வாரம்; வலி முழுதும் போனது எட்டாவது வாரம். திடீரென்று வரும் இடுப்பு வலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும். 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பும் இந்தக் கைமுறைச் சிகிச்சை ஆறு வாரம்வரை ஓரளவு பலன் தரும் என்றுதான் சொல்கிறது. ஓரளவு. உலக சுகாதார அமைப்பின் 2023 வழிகாட்டுதலும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி முதலானவற்றோடு இதையும் ஒரு வழியாக வைத்திருக்கிறதே தவிர, இது மட்டும் போதும் என்று சொல்லவில்லை. அன்று மேசையிலிருந்து எழுந்தபோது கிடைத்த ஆறுதல் உண்மை. அதை மறுக்க மாட்டேன். எட்டாவது வாரம் வலி இல்லாமல் போனதற்கும் அதே கைதான் காரணம் என்று எழுதியிருந்தால், அது எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னதாகும்.

அவர் ஒரு தாளில் வரைந்து கொடுத்த நான்கு பயிற்சிகளை நான்காம் மாதம் விட்டுவிட்டேன். இன்று காலை அந்தத் தாளைத் தேடி எடுத்தேன்.

28 ஜூலை 2024

டோம்பிவிலித் தம்பி எம்ஆர்ஐ அறிக்கையை அனுப்பிப் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். ஜவ்வு தேய்வு, இரண்டு இடத்தில் பிதுக்கம், நரம்பு வேரைத் தொடுகிறது என்று வரிசையாக எழுதியிருக்கிறது. "29 வயதில் முதுகு கிழவனுடையதாகிவிட்டதா?" என்கிறார்.

இல்லை, தம்பி. வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்வு இருந்தது, 80 வயதினரில் 96 சதவீதம். தலை நரைப்பதுபோல அது. உங்கள் அறிக்கையில் கவனிக்கவேண்டியது நரம்பைத் தொடும் அந்த ஒரு வரிதான், அதுவும் உங்கள் பெருவிரலோடு ஒத்துப்போவதால். மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டாம், ஆறு வாரம் பிசியோதெரபி, பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருப்பது நல்ல செய்தி. பிசியோதெரபிக்கு ஹாஜி அலியில் 1955இல் தொடங்கிய அகில இந்திய உடல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனமும் இருக்கிறது, அங்கும் கேட்டுப்பாருங்கள். அதுவரை முதுகைத் திருக யாரிடமும் படுக்க வேண்டாம்.

வாரம் ஒருநாள், அதே நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் ஒருவரை இரண்டு பெருவிரலையும் அழுத்தச் சொல்லுங்கள். குதிகால் நடை பத்து அடி. தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு வாரம் பலம் முந்தின வாரத்தைவிடக் குறைந்தால் ஆறு வாரத்துக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்தச் சோதனையை இன்று இரவே முதல்முறை செய்து, எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.